சஹனில் ஆறாவது இடம்

1

இந்தக் கதை என் வலக்கை மணிக்கட்டில் தொடங்கியது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கலகெதரயில் ஒரு கலியாணம். மணப்பெண்ணின் பெயர் சித்தி றலியா; என்னிடம் படித்த பிள்ளை. வீடு தேடி வந்து அழைத்தவள், போகாமல் இருக்க முடியாது. பெண்கள் பக்கத்து மண்டபத்தில் பாய் விரித்து நடுவில் சஹனை வைத்தார்கள். சஹன் என்றால் ஒரு பெரிய வட்டத் தட்டு. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலிருந்தே சாப்பிட வேண்டும். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். மூடியைத் திறந்தார்கள். நெய்ச்சோறு, பொரித்த கோழி, அச்சாறு. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு கண்டியில் பஸ் ஏறியவள் நான். கையை நீட்டிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். இன்னம் ஒராள் வரணும்."

எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்தான் இருந்தோம். ஆறு பேர் சேராமல் கை வைப்பதில்லையாம். எதிரே இருந்த ஓர் அம்மா மூடியைத் திரும்ப மூடினார். என் முகத்தில் வெட்கத்தைப் பார்த்த அந்தப் பெண் சிரித்துவிட்டு, "வெக்கப்படாதீங்க. இதத் தெரியாமத்தான் ஒரு பெரிய மனிசன் என்ட கேமுக்கு நாலு போட்டீக்கிறான்," என்றாள்.

அவள்தான் ஷஹ்மா, மணப்பெண்ணின் ராத்தா, அதாவது அக்கா. அந்த ஆறாவது ஆள் வரும்வரைக்கும் என்று அவள் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கதை. இடையில் சில துண்டுகளை அவளுடைய கூட்டாளி சுரேஸிடம் பிறகு கேட்டு ஒட்டினேன். சில இடங்களில் நானே அளந்தும் இருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். கதை எழுதுகிறவளிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

2

தொடக்கங்கள்.

"பிலிமத்தலாவையில் மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். பிலிமத்தலாவையில் மழை பெய்வது ஒரு செய்தியா? அதுவும் மழையில் தொடங்குகிற கதைகளை நானே மூடி வைத்துவிடுகிற ஆள்.

"தடைகளைத் தகர்த்து, ஆண்களின் உலகமான கணினி விளையாட்டுத் துறையில் தனக்கென ஓர் இடத்தை—" இது பத்திரிகையின் மகளிர் பக்கம். ஷஹ்மா வாசித்தால் என்னை உதைப்பாள்.

"அன்று காலை ஷஹ்மாவின் போனில் ஓர் எண் வந்தது. நாலு." இது பரவாயில்லை. ஆனால் நாலு எதற்கு, யார் போட்டது என்று சொல்ல நான் எப்படியும் பின்னால் போக வேண்டும். பின்னால் போகிறதென்றால் நேராகவே போகலாம்.

பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரமாக, ஒரு டயர்க் கடைக்கு மேலே ஷஹ்மாவும் சுரேஸும் கேம் செய்கிற கந்தோர். இரண்டு மேசை, மூன்று கதிரை. மூன்றாவது கதிரை வருகிறவருக்கு. பெரும்பாலும் அதில் பை இருக்கும். ஷஹ்மா கலகெதரக்காரி. கதை, விதிகள், வசனம் எல்லாம் அவள் வேலை. சுரேஸ் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வரைவதும் கணினிக்கு விளங்கும்படி எழுதுவதும் அவன் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இன்றுவரை ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். சண்டை பிடிக்கும்போதும் அப்படித்தான்.

இவர்கள் செய்தது பாத்திரமேற்று ஆடுகிற வகை கேம். அதாவது நீங்கள் கதைக்குள் ஓர் ஆளாகிவிடுவீர்கள். கூட்டாளிகளைச் சேர்த்து, ஊர் ஊராகப் போய், பேசி, அடிபட்டு, தேறி, முடிவுவரை போக வேண்டும். (எனக்கு இது முன்பு தெரியாது. கேம் என்றால் துப்பாக்கி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவர்களுக்காகவே இந்தப் பந்தி. தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.)

முதல் கேமின் பெயர் 'கணவாய்'. ஒரு கற்பனை மலைநாடு. ஐந்து பேர் பொதி மாடுகளில் உப்பு ஏற்றிக்கொண்டு மலைக் கணவாய்களைத் தாண்டிப் போகிறார்கள். வழியில் கொள்ளைக்காரர், சுங்கக் காவலர், அட்டை, மூடுபனி. அடிபட்டால் ஒரு மருந்துக் குப்பியைக் குடித்தால் காயம் ஆறிவிடும். ஒரு வெளிநாட்டுக் கொம்பனி வெளியிட்டது. விமர்சகர்கள் ஒருவர் விடாமல் நல்லபடி எழுதினார்கள். எழுதிவிட்டு, ஒருவர் விடாமல் ஒரு வசனத்தையும் சேர்த்தார்கள்: 'எங்கேயோ பார்த்தது போல இருக்கிறது.'

அந்த வசனம் ஷஹ்மாவைச் சுட்டது. எனக்கு விளங்குகிறது. என் கடைசிச் சிறுகதைத் தொகுதிக்கு ஒருவர் 'முயற்சி பாராட்டத்தக்கது' என்று எழுதினார். அவருடைய வீட்டுக் கலியாணத்துக்கு நான் போகவில்லை.

3

எங்கேயும் பார்க்காத ஒன்றைச் செய்கிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் அவள் 'கணவாய் இரண்டை' எழுத உட்கார்ந்தாள். மருந்துக் குப்பிகளைத் தூக்கி எறிந்தாள். அடிபட்டவர்கள் தேற வேண்டுமா? ஒன்றாக உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். வேறு வழியே கிடையாது.

சஹனுக்கு ஆறு பேர். உப்புக் கூட்டமோ ஐந்து பேர். ஆறாவது ஆளை எங்கிருந்தாவது கூப்பிட வேண்டும். வழிப்போக்கன், விறகு பொறுக்குகிறவள், நேற்று உங்களை அடித்த காவலாளி, யாராக இருந்தாலும் சரி. கூப்பிடுவதற்குப் பொத்தான் இருக்கிறது; மாட்டைக் கூப்பிடுகிற அதே பொத்தான்தான். உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சாப்பிடுகிறவர் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. எழும்பினால் ஒருவருக்கும் காயம் ஆறாது.

இதைச் சொல்லும்போது ஷஹ்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலைப்பிள்ளை நடந்ததைச் சொல்கிற தாயின் முகம். நான் மெச்சினேன். வாய் திறந்தே மெச்சினேன். நமக்குள் ஒருத்தி நல்லதொன்றைச் செய்துவிட்டால் உடனே அதில் ஒரு குறை தேடுவது நம் வழக்கம், நான் தேடவில்லை. பசி ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளியிட முன்பு ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். கலகெதர, அக்குறணை, பிலிமத்தலாவைப் பிள்ளைகள். ஒருவரும் எங்கேயும் நின்று முழிக்கவில்லை. ஐந்து பேர் சஹனைச் சுற்றி உட்கார்ந்து பேசாமல் இருப்பதைக் கண்டதும், "ஆ, ஒராள் குறையுது," என்று கூப்பிடப் போய்விட்டார்கள். அதனால் இதை விளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேம் முழுவதும் தேடினாலும் 'ஆறு' என்ற சொல் எங்கேயும் இல்லை.

சோற்றைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் எங்காவது எழுதி வைப்பீர்களா? அப்படித்தான் இதுவும்.

4

இப்போது அந்த நாலு.

உலகத்தில் கேம் ஆடுகிறவர்கள் எல்லோரும் வாசிக்கிற ஒரு பெரிய தளம். அதன் விமர்சகர் கணவாய் இரண்டை ஆடிவிட்டு எழுதினார். மலைகளின் அழகைப் புகழ்ந்தார். மாட்டு மணி ஓசையைப் புகழ்ந்தார். பிறகு எழுதினார்:

'ஆனால் கேம் உறைந்துவிடுகிறது. ஐவரும் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. பசியோடு ஐந்து பேர் உணவை வெறித்துப் பார்க்கும் இந்தக் காட்சி ஒரு பெரும் தொழில்நுட்பக் கோளாறு. என் கூட்டாளிகள் காயத்தோடு நடந்து காயத்தோடு செத்தார்கள்.'

பத்துக்கு நாலு புள்ளி.

அவரைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் என் மணிக்கட்டு ஞாபகம் வருகிறது. நான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே எனக்குத் தெரியாதது அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது? 'எந்தப் பொத்தானை அழுத்தியும்' என்று எழுதியதுதான் பொய். கூப்பிடும் பொத்தானை அவர் மாடுகளுக்குப் பக்கத்தில் மட்டும்தான் அழுத்தியிருக்கிறார். மனிதர்களுக்குப் பக்கத்தில் ஒருதரம்கூட இல்லை.

பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி. சின்னத் தளங்களும் வரிசையாக 'உறைகிறது, உறைகிறது' என்று எழுதின. சில பேர் ஆடியே பார்க்கவில்லை என்பது வாசித்தாலே தெரிந்தது.

ஷஹ்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். வீட்டில் தங்கச்சியின் கலியாண வேலை தலைக்கு மேல். உம்மா றம்லத் வந்து போர்வையை இழுத்தார்.

"என்ன மகள், ஒடம்புக்கு ஏலாதா?"

"கேமப் பத்தி எழுதீக்கிறாங்க உம்மா."

"எங்க?"

"வெளிநாட்டுல."

றம்லத்தின் கண்கள் விரிந்தன. "நம்மடப் பத்தியா? என்னண்டு?"

"கண்டியச் சேர்ந்த ரெண்டு பேர் செஞ்சதுண்டு. பொறகு ஏசீக்கிறான் உம்மா. பத்துக்கு நாலு."

"கண்டியண்டு பேர் போட்டீக்கானா?"

"போட்டீக்கான்."

அவ்வளவுதான். றம்லத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்வீட்டுக்குப் போனார். பின்வீட்டுக்கும் போனார். கலியாணத்துக்குப் பலகாரம் சுட வந்த பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது, றம்லத்தின் மூத்த மகளைப் பற்றி வெளிநாட்டில் எழுதி, நாலும் கொடுத்திருக்கிறார்கள் என்று. ஒருத்தி எத்தனைக்கு நாலு என்று கேட்டாளாம். "நாலுக்குத்தான்," என்றாராம் றம்லத்.

ஷஹ்மா தலையணையில் முகம் புதைத்து அழுதாள். அழுகை எப்போது சிரிப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

5

(இந்தப் பகுதியில் சுரேஸின் அப்பா கறுப்பையா வருகிறார். மடுல்கெல்லயில் மகனின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "ரெண்டே ரெண்டு பேருதானா? மத்தவங்கெல்லாம் எங்கப்பா?" என்று கேட்கிறார். "ரெண்டு பேருதாம்பா செஞ்சோம்," என்கிறான் சுரேஸ். அவர் துண்டை எடுத்து— வேண்டாம். துண்டை எடுத்தால் கண்ணைத் துடைப்பார், பிறகு நீங்களும் துடைப்பீர்கள். அவர் உண்மையில் செய்தது, திரும்பப் போடச் சொன்னது. பெயர்கள் ஓடியதை மூன்று தரம் பார்த்தார். இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.)

6

வெளியீட்டுக் கொம்பனியிலிருந்து செய்தி வந்தது. பண்பான செய்தி. ஐந்து பேர் உட்கார்ந்தாலே காயம் ஆறும்படி மாற்றுங்கள். முடிந்தால் தனித்தனியாகச் சாப்பிட விடுங்கள். விதியை மாற்றினால் விமர்சகரைத் திரும்ப ஆடச் சொல்லலாம். மாற்றாவிட்டால் 'கணவாய் மூன்று' பற்றி யோசிக்க முடியாது.

இதுதான் கதையின் உயிர்நிலை, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஆறாவது ஆளை எடுத்துவிட்டால் கேம் பிழைக்கும். ஆனால் அது ஷஹ்மாவின் கேமாக இருக்காது; எங்கேயோ பார்த்தது போல ஆகிவிடும்.

டயர்க் கடை மாடியில் சண்டை நடந்தது.

"ஒரே ஒரு வரி போட்டுருவோங்க," என்றான் சுரேஸ். "'ஆறாவது ஆளைக் கூப்பிடவும்'னு. விதிய மாத்த வேணாம். வரி மட்டும்."

"கலியாண வீட்டுல சஹனுக்கு மேல போர்டு தொங்குதா சுரேஸ்?"

"இல்லதான்."

"சொல்லிக் கூப்பிட்டா அது கூப்பிட்டதா? கேம் சொல்லிச்சி, நான் அமத்தினேன். அவ்வளவுதான். அவனாத் தேடணும். ஒராள் குறையுதுண்டு அவனுக்கா வெளங்கணும்."

"எனக்கு வெளங்கலயே."

ஷஹ்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க பெரியம்மா மகன் கலியாணத்துக்கு வந்தேனே, ஞாபகமா? மொத தடவ. நான் பாட்டுக்குக் கைய வச்சிட்டேன். ஒங்க நானா என் கையப் புடிச்சிக்கிட்டாரு. ஒரு வார்த்த சொல்லல. சிரிச்சாரு, அவ்வளவுதான். பொறகு நானே எண்ணிப் பாத்தேன்." (நானா என்றால் அண்ணன்.) சுரேஸ் கதிரையைத் திருப்பிக்கொண்டான். "நீங்கெல்லாம் பொறந்ததுல இருந்து தெரிஞ்சவங்க. எங்களுக்கு யாராவது கையப் புடிச்சாத்தாங்க தெரியும்."

ஷஹ்மா எழுந்தாள். மூன்றாவது கதிரையிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. (எனக்குத் தெரியும். நான் வைக்கச் சொன்னேன். கதையில் ஒரு கதிரை காலியாக இருந்தால் நல்லது.)

7

நாலு புள்ளி வந்த அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. விமர்சகர் அல்ல, யாரோ ஒருத்தி, எந்த நாடோ தெரியாது, ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் எழுதியிருந்தாள்:

'என் ஐவரும் சாகக் கிடந்தார்கள். வெறுத்துப்போய்க் கூப்பிடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். முந்தின நாள் எங்களை அடித்து உப்பைப் பறித்த சுங்கக் காவலாளி எட்டிப் பார்த்தான். வந்தான். உட்கார்ந்தான். உடனே எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அவனுக்குப் பல் இல்லை. மிகவும் மெதுவாகச் சாப்பிட்டான். அவன் முடிக்கும்வரை காத்திருந்தேன். கோபம் வந்தது. பிறகு போய்விட்டது. நான் இதுவரை ஆடிய எந்தக் கேமிலும் எதிரி சாப்பிடுவதைப் பார்த்ததில்லை.'

ஷஹ்மா இதை எனக்கு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். "எனக்கு இது போதும் டீச்சர். பல்லில்லாமக் கீறச் சொன்னது நான்தான். ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்கண்டு சுரேஸ் சொன்னாரு. கவனிச்சீக்கிறா."

இதைத்தான் நான் பெருமை என்கிறேன். பத்துப் புள்ளி தந்திருந்தாலும் அந்த இல்லாத பல்லுக்கு ஈடாகாது.

8

இங்கே எனக்கு ஒரு சிக்கல்.

கதைக்கு ஓர் எதிராளி தேவை. அந்தப் பெரிய விமர்சகரைக் கலகெதரக் கலியாணத்துக்குக் கொண்டுவரலாம் என்று எழுதிப் பார்த்தேன். 'சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் ஒருவர் மழைக்கு ஒதுங்க—' மழை திரும்பவும் வந்துவிட்டது. அதைவிட, ஆம்பிளை ஆள் பெண்கள் மண்டபத்துக்குள் எப்படி வருவார்? கிழித்தேன்.

அதனால் சுதர்சினி வருகிறாள். மணப்பெண்ணோடு ஆசிரியர் கலாசாலையில் படித்தவள், கட்டுகஸ்தோட்டைக்காரி. கேம்களை ஆடி, தமிழில் விமர்சித்து யூடியூபில் போடுகிறவள். இவ்வளவு வசதியாக ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் பட்டேன். ஆனால் கண்டி சின்ன ஊர். இங்கே யாரும் யாருக்கும் தெரியாதவர் இல்லை; தெரியாதவர் போல நடிக்கிறவர்கள்தான் உண்டு.

உறைகிறது என்று உலகமே சொன்னபோது சுதர்சினி அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குச் சஹன் தெரியும். அவள் சொன்னது இது:

"இது கோளாறு இல்லீங்க. ஒரு ஆள் குறையுது, கூப்பிடணும். நான் கூப்பிட்டேன். விறகுக்காரி வந்தாங்க. காவலாளி வந்தான். கொள்ளக்காரிய கூப்பிட்டேன், அவளும் வந்துட்டா. கூப்பிட்ட எல்லாருமே வந்துட்டாங்க. அங்கதான் இந்த கேம் எனக்குப் பொய்யாப் பட்டுச்சு. நம்ம ஊருல கூப்பிட்டா வராதவங்க எத்தன பேரு? வரமாட்டேன்னு சொல்ல முடியாத ஒருத்தரக் கூப்பிடுறது, கூப்பிடுறதா, இழுத்துட்டு வர்றதா? அழகான கேம்தான். ஆனா செஞ்சவங்க ஒரு தடவையும் வாசல்ல நின்னு ஏமாந்ததில்ல போல. நான் ஆறு தர்றேன்."

நாலு சுட்டது. ஆறு குத்தியது. நாலு போட்டவருக்கு விளங்கவில்லை, அதனால் அவரை மன்னிக்கலாம். இவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கியவளை எப்படி மன்னிப்பது? ஷஹ்மா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கெட்டிக்காரி போல ஏதாவது பதில் எழுத நினைத்தாள். எழுதினாள், அழித்தாள். கடைசியில் சுரேஸைக் கூப்பிட்டாள்.

"அவ சொல்றது சரி சுரேஸ்."

"யாரு?"

"ஆறு போட்டவ. எனக்குப் பிடிக்கல்ல. ஆனா சரி."

9

கொம்பனி கேட்டது ஒன்று. இவர்கள் அனுப்பியது வேறொன்று. கலியாணத்துக்கு முதல் நாள் மாலை அனுப்பிய புதிய பதிப்பில் இரண்டே மாற்றங்கள்.

ஒன்று: ஐந்து பேர் இருக்கும்போது நீங்கள் சோற்றில் கை வைக்கப்போனால், பக்கத்தில் இருப்பவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஒரு சொல்லும் இல்லை. ஒரு சிரிப்பு மட்டும். அந்தச் சிரிப்பை ஷஹ்மாவின் நானாவைப் போலவே சுரேஸ் வரைந்திருக்கிறான்.

இரண்டு: கூப்பிடப்பட்டவர் வர மறுக்கலாம்.

"நம்மள கேம லேசாக்கச் சொல்லிக் கேட்டாங்க," என்றான் சுரேஸ். "நாம இன்னும் கஷ்டமாக்கி அனுப்புறோம்."

"ஓம்."

"மூணாவது பாகம் போயிடும்."

"போனாப் போகட்டும். இது நம்மட."

சுரேஸ் சுட்டியை அனுப்பும் பொத்தானுக்குக் கொண்டுபோனான். பிறகு, "அனுப்பட்டுமாங்க?" என்றான். ஷஹ்மா தலையாட்டினாள். அனுப்பிவிட்டு இருவரும் கீழே இறங்கிப் பிலிமத்தலாவைச் சந்தியில் பிளேன் டீ குடித்தார்கள். சுரேஸின் சொல்லில், "பரீட்சையில பேப்பரக் கிழிச்சிட்டு வெளியில வந்த மாதிரி, ஆனா நல்லா எழுதினத கிழிச்ச மாதிரி" இருந்ததாம். எனக்கு இந்த உவமை முழுதாக விளங்கவில்லை. அவன் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

நாளைக்குப் பேசுகிறோம் என்று கொம்பனி பதில் போட்டது. நாளைக்கென்றால் கலியாண நாள்.

10

மண்டபத்துக்குத் திரும்புகிறோம். இந்த இடத்தில் ஷஹ்மா கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஐந்து பேர். ஷஹ்மா, நான், எதிரே மூடியை மூடிய அம்மா (அவர்தான் றம்லத் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்), பிறகு பலகாரம் சுட வந்த இரண்டு பெண்கள். சுற்றிலும் மற்றச் சஹன்களில் ஆறாறு பேராகச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பாயில் மட்டும் ஓரிடம் காலி. கடைசிச் சஹன் என்றால் மூன்று பேர்கூட உட்கார்ந்து சாப்பிடலாமாம், அது வேறு. எங்களுடையது கடைசிச் சஹன் இல்லை.

"யாரயாச்சும் கூப்பிடு மகள்," என்றார் றம்லத். "சோறு ஆறுது."

ஷஹ்மா அசையவில்லை. அவள் பார்க்கும் பக்கம் நானும் பார்த்தேன். மண்டபத் தூணுக்குப் பக்கத்தில், கையில் பரிசுப் பொதியோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒருத்தி நின்றிருந்தாள். கட்டுகஸ்தோட்டைச் சுதர்சினி. அவளும் எங்களைப் பார்த்துவிட்டாள். பார்த்த உடனே கூரையில் தொங்கிய வண்ணத்தாள் சோடனையைக் கவனிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷஹ்மா எனக்குக் கதை சொன்னது என் வெட்கத்தைப் போக்குவதற்கு அல்ல. கதை சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவளைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஆறாவது ஆளைக் கூப்பிடச் சொல்லி உலகம் முழுவதற்கும் விதி எழுதியவள் மூடிய சஹனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெரிய விமர்சகர் வந்து பார்த்திருந்தால், 'சொன்னேனே, உறைகிறது' என்றிருப்பார்.

ஷஹ்மாவின் மடியில் போன் அதிரத் தொடங்கியது. கொம்பனி. புதிய பதிப்பை ஏற்கிறார்களா, மூன்றாவது பாகம் உண்டா, எல்லாம் அந்த அழைப்பில் இருக்கிறது. கழுவிய கை, சாப்பிட்டு முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அவளுடைய இடக்கை என் மணிக்கட்டில் இருந்தது; அதை விட்டு எடுக்கலாமே என்று நினைத்தேன். எடுக்கவில்லை. போன் அதிர்ந்து ஓய்ந்தது. திரும்ப அதிர்ந்தது.

"அவங்க பொறகும் போன் பண்ணுவாங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு அதுக்குப் பயமில்ல டீச்சர். நாம செஞ்சது நல்லது. அவங்க என்ன சொன்னாலும் அது நல்லதுதான்."

"அப்ப?"

அவள் தூண் பக்கம் பார்த்தாள். "கூப்பிட்டா அவ வராட்டி?"

11

முடிவுகள்.

(அ) ஷஹ்மா கூப்பிடுகிறாள். சுதர்சினி வருகிறாள். வழக்கப்படி உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். "ஆற ஏழாக்கலாம்னு இருக்கேன்," என்கிறாள் சுதர்சினி. எல்லோரும் சிரிக்கிறார்கள். இது விளம்பரம். கூப்பிட்ட எல்லோரும் வருகிற முதல் பதிப்புக்குப் பொருந்தும். அடித்தாயிற்று.

(ஆ) ஷஹ்மா கூப்பிடுகிறாள். சுதர்சினி, "இல்லீங்க, நான் சாப்ட்டுட்டேன்," என்று பரிசுப் பொதியை நீட்டிவிட்டுப் போகிறாள். ஐந்து பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது நம்பக்கூடியது. ஆனால் இதை எழுதிய அன்றைக்கு எனக்கே சோறு இறங்கவில்லை.

(இ) ஷஹ்மா கூப்பிடவில்லை. வேறு யாரோ ஒரு சின்னம்மா வந்து உட்கார்ந்து— கூடவே கூடாது. அப்படி எழுதினால் என் கை அழுகிப்போகும்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அங்கேதான் இருந்தேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஒன்று செய்கிறேன். சுதர்சினியைத் தூணுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்தே அவள் கொஞ்சம் வசதியான ஆள்தான். அவள் நின்ற இடம் காலி.

அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

சோடனையைப் பார்க்காதீர்கள். இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்தவர் நீங்கள். இரண்டாவது பகுதி இழுவை, எட்டாவது பகுதி பரவாயில்லை, இந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மனதுக்குள் புள்ளி போட்டுக்கொண்டே வந்தவர். நாலா, ஆறா, எனக்குத் தெரியாது. நான் ஷஹ்மாவைப் போல் இல்லை, எனக்குப் பயம்தான். நீங்கள் வர மறுக்கலாம். அந்த உரிமையை அவளே எழுதி அனுப்பிவிட்டாள், இனி அழிக்க முடியாது.

மடியில் போன் மூன்றாம் தரமும் அதிர்கிறது. ஷஹ்மா அதைக் குனிந்து பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்துகிறாள். கணவாய் இரண்டைச் செய்தவளின் முகம் அது, தலை கொஞ்சமும் தாழாமல் இருக்கிறது. நேராக உங்களைப் பார்க்கிறாள்.

"வாங்க," என்கிறாள். "ஒங்களத்தான். ஒராள் குறையுது. எத்தின போடுறண்டு பொறகு பாத்துக்கொள்ளலாம், மொதல்ல வந்து உக்காருங்க."

றம்லத் பாயில் நகர்ந்து இடம் விடுகிறார். மூடிக்குள் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. ஷஹ்மா என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.